கட்டமும் கோடும் காட்டிய பங்கு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் தம் தோழர்களுக்கு முன் ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவே ஒரு கோடு இழுத்தார்கள். அந்தக் கோடு சதுரத்தைக் கடந்து வெளியே நீண்டது. நடுக்கோட்டை நோக்கிச் சிறு சிறு கோடுகள் பலவற்றையும் வரைந்தார்கள். பிறகு விளக்கம் தந்தார்கள். நடுவில் இருப்பவன் மனிதன். அவனைச் சுற்றி வளைத்து நிற்பது அவனது ஆயுள். வெளியே நீண்டு செல்வது அவனது ஆசை. சிறு கோடுகள் அவனுக்கு நேரும் சோதனைகள். ஒன்று தவறினால் மற்றொன்று அவனைத் தீண்டும். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரி ஷரீபில் இடம்பெற்றுள்ளது.

எத்தனை எளிய படம்! சதுரம் ஒன்று, கோடுகள் சில. ஆயினும் நீண்ட சொற்பொழிவு உணர்த்த வேண்டியதை அது ஒரு நொடியில் உணர்த்திவிடுகிறது. மனிதனின் உருவத்தை வரையாமலேயே மனிதனின் கதையைச் சொல்லிவிடுகிறது.

இந்த நபிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என்றாலும், சதுரத்துக்கும் கோட்டுக்கும் இத்தனை வலிமை உண்டு என்பதை என் சொந்த வீட்டில் ஒரு பாகப்பிரிவினையின்போதுதான் கண்கூடாகக் கண்டேன். அந்தப் படத்தை வரைந்தது ஓவியர் அல்லர். கல்லூரியில் படிக்கும் என் சகோதரியின் மகள். வரைந்த இடமும் ஓவியப் பலகை அன்று. நாம் கடிதம் தட்டச்சுச் செய்யும் அதே கணினி மென்பொருள்தான். வாசகப் பெருமக்களுக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பதினொரு ஆண்டுத் தாமதம்

எங்கள் வாப்பா 2011ஆம் ஆண்டு வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அப்போது எங்கள் வாப்பும்மா உயிரோடு இருந்தார்கள். உம்மா இருந்தார்கள். ஆண் மக்கள் நாங்கள் இருவர். பெண் மக்கள் மூவர். "நாற்பதாம் நாள் கழியட்டும், தம்பி தம்மாமிலிருந்து வரட்டும், தங்கையின் பிள்ளைப்பேறு முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனோம். 2014இல் வாப்பும்மாவும் இறையடி சேர்ந்தார்கள். வீடும் தோப்பும் பங்கிடப்படாமலேயே கிடந்தன. ஒருவழியாக 2022ஆம் ஆண்டு எல்லோரும் கூடி அமர்ந்தோம். வாப்பாவின் தம்பியான சாச்சாவும், இரண்டு மாமிமாரும் வந்திருந்தனர். ஹஜ்ரத் ஒருவரை அழைத்திருந்தோம்.

ஹஜ்ரத் முதலில் கேட்ட கேள்வி மிக எளியது. "மர்ஹூம் அவர்கள் வபாத்தான அன்று உயிருடன் இருந்தவர்கள் யார் யார்?"

ஒரே நேரத்தில் ஆறு பேர் பதில் சொன்னோம். வாப்பும்மாதான் முன்னர் மவ்த்தானார்கள் என்றார் ஒருவர். இல்லை, பின்னர் என்றார் மற்றொருவர். சாச்சாவுக்குப் பங்கு உண்டு என்றார் ஒருவர். மகன் இருக்கும்போது தம்பிக்கு ஏது பங்கு என்றார் இன்னொருவர். பெரிய லாத்தாவுக்குக் கல்யாணத்தின்போதே நகையும் வீட்டின் மாடியும் கொடுத்தாகிவிட்டதே என்று மெல்லிய குரலில் ஒரு பேச்சும் எழுந்தது. ஹஜ்ரத் கையிலிருந்த தாள் அடித்தலும் திருத்தலுமாக நிரம்பிவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "முதலில் குடும்பத்தை ஒரு படமாக எழுதிக் கொண்டு வாருங்கள். அதன்பின் கணக்குப் பார்ப்போம்" என்று கூறி எழுந்துவிட்டார்.

அன்று இரவு மருமகள் தன் மடிக்கணினியைத் திறந்தாள். "மாமா, நீங்கள் பெயரையும் ஆண்டையும் சொல்லுங்கள். நான் கட்டம் போடுகிறேன்" என்றாள்.

அல்குவாரிஸ்மி காட்டிய வழி

கட்டம் போட்டுக் கணக்குச் சொல்வது நமக்குப் புதிதன்று. பாக்தாதில் கலீபா மஃமூன் ஆட்சி புரிந்த காலத்தில் (813 - 833) வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி, இயற்கணிதத்துக்குப் பெயர் தந்த 'அல்ஜப்ர்' நூலை எழுதினார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணைப் போல் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. அந்த எண் எது? இந்தக் கேள்விக்கு அவர் சதுரம் வரைந்து விடை காட்டினார். ஒரு சதுரம்; அதன் இரு பக்கங்களிலும் 5 அகலமுள்ள இரண்டு செவ்வகங்கள்; மூலையில் விடுபட்ட இடத்தில் ஐயைந்து இருபத்தைந்து கொண்ட சிறு சதுரம். 39உடன் 25ஐக் கூட்டினால் 64. எனவே பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5ஐக் கழித்தால் விடை 3. படத்தைப் பார்த்தவருக்குச் சூத்திரம் தேவையில்லை.

அதே நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தும் வாரிசுப் பங்கீடும் பற்றியது! சதுரமும் வாரிசுரிமையும் ஒரே நூலில் ஒரே அறிஞரின் கையில் அன்றே இணைந்திருந்தன.

கணினித் திரையில் கோடு வரையும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு அதில் கோடும் வட்டமும் வரைய முடிந்தது. பின்னர் அந்த வசதி சாதாரண எழுத்துச் செயலிக்கும் வந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆயத்த வடிவங்கள் பல இடம்பெற்றன. 2002ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய பதிப்பில் 'டிராயிங் கேன்வாஸ்' எனும் வரைதளம் சேர்ந்தது. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரிலும் இன்று கட்டமும் கோடும் வரையலாம். ஆகவே கடிதம் எழுதத் தெரிந்த எவரும் படமும் வரைய முடியும்.

முதல் படம் செய்த குழப்பம்

மருமகள் முதலில் அவசரமாக வரைந்தாள். தாளின் மீது நேரடியாகக் கட்டங்களைப் போட்டாள். இடையிடையே கோடுகளை இழுத்தாள். கணினியில் பார்க்க அழகாகவே இருந்தது. மேலே 'பிஸ்மில்லாஹ்'வும் ஒரு தலைப்பும் சேர்த்துவிட்டு, அந்தக் கோப்பை அப்படியே எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பினோம்.

மறுநாள் சாச்சாவிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் கோபத்தை விட வருத்தமே மிகுந்திருந்தது. "ஏம்ப்பா, எங்க உம்மா பேரையே எடுத்துட்டீங்களே" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. கட்டங்கள் தத்தம் இடம்விட்டு நகர்ந்திருந்தன. வாப்பும்மாவின் வட்டம் வேறொரு கட்டத்தின் அடியில் மறைந்துபோயிருந்தது. கோடுகள் மட்டும் பழைய இடத்திலேயே அந்தரத்தில் நின்றன. என் இளைய தங்கை சாச்சாவின் மகளைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

வாப்பும்மாவின் பங்குதான் சாச்சாவுக்கும் மாமிமாருக்கும் போய்ச் சேர வேண்டிய பங்கு. அந்தப் பெயரே படத்தில் இல்லையென்றால் அவர் என்ன நினைப்பார்? அண்ணன் மக்கள் தம் தாயின் உரிமையை விழுங்கிவிட்டார்கள் என்றுதானே எண்ணத் தோன்றும்! இரண்டு நாட்கள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கணினியில் நேர்ந்த ஒரு சிறு கவனக்குறைவு உறவையே அறுக்கப் பார்த்தது.

காரணம் இதுதான். எழுத்துச் செயலியில் வரையப்படும் வடிவம் ஒவ்வொன்றும் அருகிலுள்ள ஒரு பத்தியோடு நங்கூரம் போலப் பிணைக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு வரி சேர்த்தால் பத்தி கீழே இறங்கும். அதனோடு பிணைந்த கட்டமும் இறங்கும். வேறு பத்தியோடு பிணைந்த கோடு வேறு விதமாக நகரும். கைப்பேசியில் எழுத்துரு மாறினால் வரிகளின் நீளம் மாறும். வடிவங்கள் திக்குக்கு ஒன்றாகப் போய்விடும். எனவே படம் வரைய அமர்பவர் அதன் உறுப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் முறையை முதலில் கற்க வேண்டும்.

முறையாக வரையும் விதம்

இரண்டாம் முறை மருமகள் பொறுமையாக வரைந்தாள். அவள் செய்ததைப் படிப்படியாகக் கூறுகிறேன். இது வேர்டில் செய்யும் முறை.

முதலாவது, தாளைக் கிடையாகத் திருப்பினாள். 'லேஅவுட்' பகுதியில் 'ஓரியன்டேஷன்' என்பதை அழுத்தி 'லாண்ட்ஸ்கேப்' என்று வைத்தால் போதும். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர். இருபுறமும் 2 சென்டிமீட்டர் ஓரம் விட்டால் 25.7 சென்டிமீட்டர் கிடைக்கும். எங்கள் வரிசையில் ஐந்து பிள்ளைகள். ஆளுக்கு 4 சென்டிமீட்டர் அகலக் கட்டம் என்றால் 20. இடையில் உள்ள நான்கு இடைவெளிகளுக்கு 1.4 வீதம் 5.6, ஆக 25.6. அளவாக அடங்கிவிடுகிறது. வரையும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை; கட்டம் அகலமாக இல்லாவிடில் பெயர் உடைந்துபோகும்.

இரண்டாவது, வரைதளத்தை விரித்தாள். 'இன்செர்ட்' பகுதியில் 'ஷேப்ஸ்' என்பதை அழுத்தினால் வடிவங்களின் பட்டியல் திறக்கும். அதன் அடியில் 'நியூ டிராயிங் கேன்வாஸ்' என்றிருக்கும். அதைத் தேர்ந்தால் தாளில் ஒரு வெற்றுச் சட்டம் தோன்றும். படத்தின் எல்லா உறுப்புகளும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்போது மேலே எத்தனை வரி சேர்த்தாலும் சட்டம் முழுவதும் ஒன்றாகவே நகரும்.

மூன்றாவது, வடிவங்களை வரைந்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்பது குடும்ப மரபு வரைபடங்களில் உலகெங்கும் வழங்கும் முறை. மறைந்தவரின் வடிவத்தின் மீது ஒரு சாய்கோடு இடுவர். கணவன் மனைவியரைக் கிடைக்கோடு இணைக்கும். சொந்தத்தில் திருமணம் நடந்திருந்தால் அது இரட்டைக் கோடாகும். வரையும்போது 'ஷிஃப்ட்' விசையை அழுத்திக்கொண்டால் செவ்வகம் சரியான சதுரமாகவும், நீள்வட்டம் சரியான வட்டமாகவும் அமையும். கோடும் கோணலின்றி நேராக வரும். எங்கள் படத்தில் பெயருக்கு இடம் வேண்டியிருந்ததால் செவ்வகமும் நீள்வட்டமுமே பயன்பட்டன. ஒன்றை வரைந்து அளவைச் சரிசெய்துவிட்டால் மற்றவற்றைப் புதிதாக வரைய வேண்டியதில்லை. 'கன்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு வடிவத்தை இழுத்தால் அதே அளவில் பிரதி ஒன்று பிறக்கும்.

நான்காவது, நிறத்தை நீக்கினாள். வடிவங்கள் வழக்கமாக நிறம் நிரம்பியே வரும். அச்சிட்டால் மை வீணாகும், எழுத்தும் மங்கும். உள்நிறம் வேண்டாம் என்றும் ஓரக்கோடு கறுப்பு என்றும் மாற்றிவிட்டால் தெளிவாக இருக்கும். பின்பு வடிவத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தி 'ஆட் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்து, பெயர், உறவு, வபாத்தான ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதினாள். எழுத்து யூனிகோட் முறையில் இருத்தல் வேண்டும். 1990களில் நாம் பயன்படுத்திய பழைய எழுத்துருக்களில் எழுதினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பெயர்கள் புரியாத குறிகளாகிவிடும்.

ஐந்தாவது, வரிசையை ஒழுங்குசெய்தாள். கண் அளவில் நகர்த்தினால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும். ஒரு வரிசையில் உள்ள வடிவங்களை 'ஷிஃப்ட்' அழுத்தியபடி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்து, 'அலைன்' பகுதியில் 'அலைன் டாப்' என்று கொடுத்தால் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கேயே 'டிஸ்ட்ரிப்யூட் ஹாரிசான்டலி' என்று கொடுத்தால் இடைவெளிகள் சமமாகும். ஜமாஅத் தொழுகையின் ஸஃப்பைப் போல வரிசை நேராகிவிடுகிறது!

ஆறாவது, இணைப்புக் கோடுகள். முதல் படம் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரணமாக இழுத்த கோடு வடிவத்தைத் தொட்டுக்கொண்டு நிற்குமே தவிர அதனோடு ஒட்டுவதில்லை. வரைதளத்துக்குள் கோட்டை இழுக்கும்போது வடிவத்தின் ஓரங்களில் சிறு புள்ளிகள் தோன்றும். கோட்டின் முனையை அப்புள்ளியில் கொண்டுசேர்த்தால் அது பற்றிக்கொள்ளும். பிறகு வடிவத்தை எங்கே நகர்த்தினாலும் கோடும் கூடவே வரும். தாயையும் பிள்ளைகளையும் இணைக்க முழங்கை போல் மடங்கும் 'எல்போ கனெக்டர்' ஏற்றது. ஆனால் கணவன் மனைவியரை இணைக்கும் கோட்டின் நடுவில் மற்றொரு கோடு ஒட்டாது. அதற்கு மருமகள் ஒரு வழி கண்டாள். அந்தக் கோட்டின் நடுவே கடுகளவு வட்டம் ஒன்றை வைத்து, பிள்ளைகளின் கோடுகளை எல்லாம் அந்த வட்டத்தோடு இணைத்தாள்.

ஏழாவது, படம் முடிந்ததும் அதை ஆவணக் கோப்பாக அனுப்பாமல் பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அனுப்பினாள். 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது கோப்பின் வகையைப் பி.டி.எஃப். என்று தேர்ந்தால் போதும். எழுத்தும் வடிவமும் உறைந்து நிற்கும். எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் இடம் மாறாது.

லிப்ரே ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் ரைட்டரில் 'வியூ' பகுதியில் 'டூல்பார்ஸ்' சென்று 'டிராயிங்' என்பதைத் தேர்ந்தால் வடிவங்கள் கிடைக்கும். ஒட்டும் கோடுகள் வேண்டுமாயின், அதே தொகுப்பில் உள்ள 'டிரா' என்ற செயலியில் படத்தை வரைந்து, 'குரூப்' செய்து, ரைட்டரில் கொண்டுவந்து ஒட்டலாம்.

படம் பேசியது

மூன்று வரிசைகளில் பன்னிரண்டு வடிவங்கள். மேல் வரிசையில் 1988இல் மறைந்த அப்பாவும், வாப்பும்மாவும். நடுவில் வாப்பா, உம்மா, சாச்சா, மாமிமார் இருவர். கீழே நாங்கள் ஐவர். மருமக்களையும் பேரப்பிள்ளைகளையும் வரையவில்லை. இந்தப் பங்கீட்டில் அவர்களுக்கு இடமில்லை. எவரை வரைவது, எவரை விடுவது என்று தீர்மானிப்பதிலேயே பாதித் தெளிவு பிறந்துவிடுகிறது.

இரண்டாம் முறை எல்லோரும் கூடியபோது ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தோம். சாச்சா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் தம் தாயாரின் வட்டத்தைத் தேடினார். இருந்தது. '2014' என்ற ஆண்டும் இருந்தது. வாப்பாவின் கட்டத்தில் '2011' என்றிருந்தது. யார் முன்னர், யார் பின்னர் என்ற வாதம் அத்துடன் முடிந்தது.

ஹஜ்ரத் கணக்கிட்டார். சூரத்துன் னிஸாவின் 11, 12ஆம் வசனங்களின்படி, இறந்தவருக்குப் பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று; தாய்க்கு ஆறில் ஒன்று. மொத்தத்தை 24 பங்காக வைத்தால் உம்மாவுக்கு 3, வாப்பும்மாவுக்கு 4, மீதி 17. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரண்டு ஆண்களும் மூன்று பெண்களும் சேர்ந்தால் ஏழு கூறுகள். 17ஐ ஏழால் மீதியின்றி வகுக்க இயலாது. ஆகவே 24ஐ ஏழால் பெருக்கி 168 பங்குகள் ஆக்கினார். உம்மாவுக்கு 21, வாப்பும்மாவுக்கு 28, ஆண் மக்களுக்குத் தலா 34, பெண் மக்களுக்குத் தலா 17. கூட்டிப் பார்த்தோம்; சரியாக 168 வந்தது.

இறந்துபோன வாப்பும்மாவின் 28 என்னாகும்? தம் மகன் இறந்த அன்று அவர்கள் உயிருடன் இருந்ததால் அந்தப் பங்கு அவர்களுக்குரியதாகிவிட்டது. பின்னர் அவர்களும் மறைந்ததால் அது அவர்களுடைய வாரிசுகளுக்குச் செல்லும். உயிரோடு இருக்கும் ஒரு மகன், இரண்டு மகள்கள், நான்கு கூறுகள். சாச்சாவுக்கு 14, மாமிமாருக்குத் தலா 7. மகன் உயிரோடு இருப்பதால், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளாகிய எங்களுக்கு வாப்பும்மாவின் பங்கில் உரிமையில்லை. மருமகள் வாப்பும்மாவின் வட்டத்திலிருந்து அந்த மூவருக்கும் விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடுகளை வரைந்தாள். முதல் பங்கீட்டுக்கு முழுக்கோடு. இரண்டாவது பங்கீட்டுக்குப் புள்ளிக்கோடு. வாப்பாவின் சொத்தில் தம்பிக்கு நேரடியாகப் பங்கு இல்லை, ஆயினும் தாய் வழியாக உண்டு என்ற நுட்பமான செய்தி, கேட்டபோது விளங்காதது, பார்த்தபோது எல்லோருக்கும் விளங்கியது.

பெரிய லாத்தாவின் பேச்சு மீண்டும் எழுந்தது. ஹஜ்ரத் படத்தில் விரலை வைத்தார். "மூன்று பெண் மக்களின் வட்டத்திலும் 17 என்றுதான் இருக்கிறது. கல்யாணத்தில் தகப்பன் கொடுத்தது அன்பளிப்பு. அல்லாஹ் கொடுத்தது பங்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க நமக்கு உரிமையில்லை" என்றார். லாத்தா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்துகொண்டார். இத்தனை ஆண்டுகளும் அந்தக் கேள்வியை அவர் எழுப்பியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு கட்டம் கேட்ட கேள்வி

தாளின் பின்பக்கத்தில் மருமகள் மற்றொரு சிறு படமும் வரைந்திருந்தாள். மேலிருந்து கீழாக நான்கு கட்டங்கள், இடையிடையே அம்புக்குறிகள். முதல் கட்டம்: கஃபன், அடக்கச் செலவு. இரண்டாவது: கடன்கள். மூன்றாவது: வஸிய்யத், அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு. நான்காவது: வாரிசுகள். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதே அம்பின் பொருள்.

ஹஜ்ரத் இரண்டாவது கட்டத்தில் நிறுத்தினார். "கடன் ஏதும் உண்டா?"

"இல்லை ஹஜ்ரத். கடைக்கடன் எல்லாம் அப்போதே அடைத்துவிட்டோம்" என்றேன் நான்.

"உங்கள் உம்மாவின் மஹர்?"

எவரும் பேசவில்லை. மஹர் நிலுவையில் இருந்தால் அது கணவனின் கடன். சொத்தைப் பங்கிடும் முன் மனைவிக்குச் செலுத்தப்பட வேண்டும். இது நாங்கள் அறியாத சட்டமன்று. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. உள்ளறையின் திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்த உம்மாவிடம் போய்க் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரும் கேட்கவில்லையே வாப்பா" என்றார்கள்.

ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் மஹர் இன்னதென்று எழுதப்பட்டிருந்தது. பொன்னாகக் குறிக்கப்பட்ட அந்த மஹர் கொடுக்கப்படவே இல்லை. பங்கீடு தொடங்கும் முன் அதை உம்மாவின் கையில் கொடுத்தோம். அதற்குப் பிறகே நான்காவது கட்டத்துக்கு வந்தோம். அந்தக் கட்டத்தை மருமகள் வரையாமல் இருந்திருந்தால் எங்கள் வாப்பாவின் கடன் இன்றும் நின்றிருக்கும்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது

வாரிசுரிமைச் சட்டத்தைக் கூறிய உடனேயே, இவை அல்லாஹ் விதித்த எல்லைகள் என்று திருக்குர்ஆன் எச்சரிக்கிறது (4:13, 14). எல்லை என்பதும் ஒரு கோடுதான். இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு மார்க்கச் சட்டத்தையே அடிப்படையாக வைத்துள்ளது. அப்படியிருந்தும் எத்தனை வீடுகளில் பெண் மக்களின் பங்கு பேச்சிலேயே கரைந்துபோகிறது! எத்தனை குடும்பங்களில் பங்கிடாமல் விட்ட சொத்து அடுத்தடுத்த மரணங்களால் சிக்கலாகி, பேரப்பிள்ளைகளை வழக்கு மன்றத்தில் நிறுத்துகிறது!

ஆகவே வாசகச் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் கணினி கற்ற பிள்ளை ஒருவர் இருப்பார். அவரை அருகில் அமர்த்திக்கொண்டு, மூத்தவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே குடும்ப வரைபடம் ஒன்றை வரையுங்கள். பெயர், உறவு, பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒவ்வொரு நிக்காஹ்வின் பக்கத்திலும் மஹர் எவ்வளவு, கொடுக்கப்பட்டதா என்பதையும் குறித்து வையுங்கள். பங்கின் அளவைத் தாமே முடிவுசெய்யாமல் ஆலிமிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். வாரிசுகளில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு முழுவதும் மாறிவிடும். எங்கள் வீட்டுக் கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

இந்தக் கலை வேறு பல நற்பணிகளுக்கும் உதவும். நிக்காஹ் அழைப்பிதழில் மண்டபத்துக்குச் செல்லும் வழியை நாலைந்து கோடுகளில் காட்டலாம். மக்தபில் ஓதும் சிறுவர்களுக்கு ஒளுவின் வரிசையை அம்புக்குறியிட்ட கட்டங்களாக வரைந்து சுவரில் ஒட்டலாம். ஜகாத் யார் மீது கடமை, யாருக்குக் கொடுக்கலாம் என்பதை ஒரே பக்கத்தில் அடக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவர் தம் அறிவியல் பாடத்தின் மின்சுற்றைத் தாமே வரையலாம்.

எங்கள் வீட்டுப் படத்தின் அச்சுப்பிரதி ஒன்று இப்போது வாப்பாவின் பழைய மரப்பெட்டியில், பத்திரங்களோடு இருக்கிறது. சாச்சாவும் ஒரு பிரதி வாங்கிச் சென்று, தம் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து வரைந்து தருமாறு மருமகளிடம் கேட்டிருக்கிறார். தங்கள் காலத்திலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டுமாம்.

மனிதனைச் சுற்றி ஆயுளின் சதுரம் இருப்பதை அண்ணலார் அன்றே வரைந்து காட்டிவிட்டார்கள். அந்தச் சதுரத்துக்குள் இருக்கும்போதே பிறர் உரிமையை எழுதி வைக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.